எதிரணி என்னும் பங்காளி

கீழ்பென்னாத்தூரில் கூடைப்பந்தைப் பற்றிப் பேசும் பங்குத்தந்தை, மீனவர் குப்பத்தில் ஏர்க்கலப்பை விற்க வந்தவனுக்கு ஒப்பானவன். இங்கே மக்களின் பேச்செல்லாம் மல்லாட்டை விலை, ஏரியில் நிற்கும் நீரின் அளவு, பௌர்ணமி நாளில் திருவண்ணாமலைப் பேருந்தில் கால் வைக்க இடமில்லாத துன்பம் ஆகியவற்றைச் சுற்றியே வரும். விளையாட்டு என்றால் முதலில் கபடி, அடுத்துக் கைப்பந்து. கிரிக்கெட்டு, வேலிக்காத்தான் முள்ளைப் போல, யாரும் விதைக்காமலே எங்கும் முளைத்திருக்கிறது. பத்தடி உயரத்தில் ஓர் இரும்பு வளையத்தைக் கட்டி, அதனுள் பந்தைப் போட்டுவிட்டு, அது கீழே விழுவதைக் கண்டு மகிழும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்க இங்கு ஆளில்லை. ஆகவேதான், அன்புக்குரிய வாசகர்களே, உங்களிடம் வந்திருக்கிறேன்.

நான் கூடைப்பந்தின் ரசிகன். அதிலும் கல்லூரிக் கூடைப்பந்தின் ரசிகன். ரசிகனுக்குக் கடமைகள் இரண்டு. தன் அணியைப் போற்றுவது ஒன்று. எதிரணியைக் கேலி செய்வது மற்றொன்று. முதற் கடமையைச் செய்யத் தொண்டை போதும். இரண்டாவதற்கு அறிவு வேண்டும், கண் வேண்டும், ஓரளவு அன்பும் வேண்டும். "குருவானவர் பிறரைக் கேலி செய்யலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்விக்கு விடை தேடவே இக்கட்டுரை. விளையாட்டாகத் தொடங்கினாலும், விளையாட்டாக முடியாத ஓர் இடத்திற்கு இது நம்மை இட்டுச் செல்லும்.

இறையியல் மாணவர் தந்த ஆட்டம்

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் இறையியல் பயின்றவர் என்பது எனக்குள்ள பெருமைகளுள் ஒன்று. கனடா நாட்டில் 1861இல் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், மான்ட்ரியால் நகரின் பிரெஸ்பிட்டேரியன் கல்லூரியில் இறையியலை முடித்தவர். போதகராக வேண்டியவர், உடலையும் பேணினால்தான் உள்ளம் தேறும் என்று கருதி, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம்; வெளியே கடுங்குளிர். அடங்காத மாணவர் கூட்டமொன்றை உள்ளரங்கில் அடக்கி வைக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று மேலாளர் பணித்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மேல்மாடத்துக் கைப்பிடியில் அறைந்து, ஒரு கால்பந்தைக் கொடுத்து, ஆடுங்கள் என்றார் நெய்ஸ்மித். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் வளையம் அதே பத்தடியில்தான் நிற்கிறது.

முதல் ஆட்டம் எப்படி நடந்தது என்பதை அவரே 1939இல் ஒரு வானொலிப் பேட்டியில் விவரித்தார். ஆட்டம் தொடங்கியதும் மாணவர்கள் ஒருவரையொருவர் இழுத்தனர், உதைத்தனர், குத்தினர். ஒருவன் நினைவிழந்து கிடந்தான். பலருக்குக் கண்கள் கன்றிப் போயின. ஒருவனுக்குத் தோள்மூட்டு நழுவியது. நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கைவிடவில்லை. சிந்தித்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்னும் விதியைச் சேர்த்தார். ஓட முடியாதவனை இழுத்து வீழ்த்த வேண்டிய தேவையில்லை அன்றோ! அடிதடியாய் இருந்தது, அந்த ஒரு விதியால் ஆட்டமாயிற்று. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டும்.

பின்னாளில் அவர் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பயிற்றுநரானார். அங்கே அவருடைய அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வரிசையில், வெற்றியை விடத் தோல்வி மிகுந்தவர் ஆட்டத்தையே படைத்த அவர் ஒருவர்தாம். மறையுரை இலக்கணத்தை வகுத்தவரே மேடையேறித் தடுமாறியது போன்ற இச்செய்தியில், குருக்களாகிய எங்களுக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது.

கரையோரத்துக் கேலி

இந்த ஆட்டம் நம் நாட்டிற்கு வந்த வழியும் ஒய்.எம்.சி.ஏ. வழிதான். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி, இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. அங்கு பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் ஊரூராகச் சென்று வளையங்களை நட்டார்கள். கல்லூரிகள் அதனைத் தத்தெடுத்துக்கொண்டன. 1837இல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியும், பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு பிரான்சிஸ் பெர்ட்ரம் அடிகளார் 1925இல் நிறுவிய இலயோலாக் கல்லூரியும் மாணவர் உலகில் எதிரெதிர் அணிகளாக அறியப்பட்டவை. பெர்ட்ரம் அடிகளார் பெயரால் நடைபெறும் விளையாட்டுப் போட்டிகள் தலைமுறை தலைமுறையாக வீரர்களை உருவாக்கி வந்துள்ளன.

குருமடத்தின் இறையியல் வகுப்புக்கு முன், இளங்கலை பயின்ற நாள்களில் நான் சென்னைக் கூடைப்பந்துத் திடல்களின் ஓரத்தில் நின்றவன். எக்கல்லூரி என் கல்லூரி என்று எழுதினால் ஆசிரியருக்கு மறுப்புக் கடிதங்கள் குவியும், எனவே விட்டுவிடுகிறேன். ஆடும் தகுதி எனக்கு இல்லை, உயரம் இல்லை, ஓட்டமும் அவ்வளவாக இல்லை. நாக்கு ஒன்றுதான் தேறியது. ஆகவே கரையோரத்தில் இடம் கிடைத்தது.

எதிரணியில் ஒருவர் இருந்தார். பந்து அவர் கைக்குப் போனால் தம் அணியினருக்கும் திரும்பி வராது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உண்டியல்'. நெடிய உருவமுள்ள இன்னொருவர் வளையத்தின் கீழ் நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார், அவர் 'மின்கம்பம்'. மூன்றாமவர் ஒவ்வொரு தண்ட எறிதலுக்கு முன்பும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, தவறாமல் தவறவிடுவார். குறை விசுவாசத்திலா, முழங்கையிலா என்று நாங்கள் உரக்க விவாதிப்போம். அவர்களும் இளைத்தவர்கள் அல்லர். எங்கள் தடுப்பாட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'சல்லடை'. நேர்மையாகச் சொன்னால் அது பொருத்தமான பெயர்.

ஆண்டுகள் பல கடந்த பின் எண்ணிப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. ஒருவருக்கு 'உண்டியல்' என்று பெயர் வைக்க வேண்டுமானால், அவருடைய ஆட்டத்தை இருபது முறையாவது கண்கொட்டாமல் பார்த்திருக்க வேண்டும். நம் அணி வீரரை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. அவரைப் பார்த்துக் கைதட்டுகிறோம், அவ்வளவே. எதிரணி வீரரைத்தான் உண்மையில் கவனிக்கிறோம். அவர் எந்தக் கையால் பந்தைத் தட்டுவார், எப்போது களைப்பார், எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஒருநாள் 'மின்கம்பம்' கணுக்கால் பிசகி விழுந்தபோது, எங்கள் பக்கத்தில் ஒரு குரலும் எழவில்லை. அவரில்லாமல் எதிரணியை வெல்வது எங்களுக்கே பிடிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பாரும் ஒரே தேநீர்க் கடையில்தான் நிற்போம். கடன் கணக்கும் ஒன்றே.

கல்லூரி முடிந்தபின் நல்ல வீரர்கள் வங்கிகளிலும் இரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பணிக்குச் சென்றார்கள். நேற்றைய எதிரிகள் ஒரே வங்கியின் ஒரே நிறச் சட்டையை அணிந்துகொண்டு ஆடினார்கள். 'உண்டியல்' அப்படி ஆடிய பின், அவ்வங்கியிலேயே காசாளராக அமர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் வைத்த பெயர் வீண்போகவில்லை. அந்த ஒதுக்கீடு ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் ஒரு வாசல்தான். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்று, இரயில்வேயில் பணியாற்றி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றதை நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும்.

பிறரைக் கேலி செய்பவன் தன்னையும் விட்டுவைக்கக் கூடாது என்பது கரையோரத்து முதல் ஒழுக்கம். ஆகவே இதனையும் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் கூடைப்பந்தில் இந்திய அணி ஆடியது ஒரே ஒரு முறை; 1980இல் மாஸ்கோவில். பல நாடுகள் அவ்விழாவைப் புறக்கணித்ததால் நமக்கு இடம் கிடைத்தது. ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் தோற்றோம். பந்தியில் ஆள் குறைந்ததால் இலை போடப்பட்டவர்கள் நாம்; உண்ணும் போதும் புரையேறிவிட்டது.

புனிதர்களின் பெயரால் பிசாசுகள்

சென்னையில் ஓர் இலயோலா இருப்பது போல, அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் ஓர் இலயோலா இருக்கிறது. இரண்டும் புனித இஞ்ஞாசியாரின் ஊர்ப்பெயரைத் தாங்கியவை. இரண்டும் இயேசு சபையினருடையவை. இந்தப் பெயரொற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் என் கண் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பக்கம் போயிற்று. அவர்கள் மாலையில் ஆடும் ஆட்டம், இங்கே நமக்கு விடியற்காலை. மார்ச்சு மாதம், தவக்காலத்தில், திருப்பலிக்கு முன் கைப்பேசியில் ஆட்டத்தின் முடிவைப் பார்க்கிறேன். இதுவும் ஒருவகை விழிப்பே.

அங்கே கல்லூரிகள் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆண்டுதோறும் தமக்குள் மோதிக்கொள்கின்றன. அவற்றுள் 'பிக் ஈஸ்ட்' என்பது 1979இல் உருவானது. 2013இல் ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பிரிந்து வந்து அதே பெயரில் அதனைப் புதுப்பித்தன. இன்று அதில் ஆடும் பதினொரு பல்கலைக்கழகங்களில் ஒன்பது கத்தோலிக்கம் சார்ந்தவை. நம் மறைவட்டக் கூட்டம் போலத்தான். எல்லாரும் நம்மவர்கள், ஆனால் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவர்களின் அணிப்பெயர்களைக் கேளுங்கள். புனித வின்சென்ட் தே பவுலின் பெயரைத் தாங்கிய தி பவுல் பல்கலைக்கழகத்தின் அணிக்கு 'நீலப் பிசாசுகள்' என்று பெயர்! ஏழைகளுக்காக உயிரை உருக்கிய புனிதரின் பிள்ளைகள் பிசாசுகளாக ஆடுகிறார்கள். தூய எலிசபெத் ஆன் சீட்டனின் பெயரால் அமைந்த சீட்டன் ஹால், நுவார்க் உயர்மறைமாவட்டத்திற்கு உரியது. அதன் அணி 'கடற்கொள்ளையர்'. நானும் மறைமாவட்டக் குரு என்பதால் இதைப்பற்றி மேலே ஏதும் சொல்வதற்கில்லை. புனித சாமிநாதர் சபையினரின் பிராவிடன்ஸ் கல்லூரி அணிக்கு மட்டும் 'துறவியர்' என்று பெயர். வெள்ளை அங்கியும் பெரிய பொய்த்தலையும் அணிந்த ஒருவர் திடலோரத்தில் ஆடிப்பாடுவார். எங்கள் குருமட அதிபர் அதனைக் கண்டிருந்தால் மூன்று நாள் தியானம் கொடுத்திருப்பார்.

சாமிநாதர் சபையினரின் பிராவிடன்சும் இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுனும் மோதும்போது, இறையியல் பயின்றவனுக்குப் பழைய ஆட்டமொன்று நினைவுக்கு வரும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரு சபையினரும் இறையருளையும் மனித விருப்புரிமையையும் பற்றிக் கடுமையாக மோதிக்கொண்டனர். ஒருவரையொருவர் தப்பறைக்காரர் என்று சாடினர். உரோமையில் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எழுந்து, இருவர் கருத்தையும் கற்பிக்கலாம், ஆனால் ஒருவர் மற்றவரைத் தப்பறை என்று சொல்லக்கூடாது என்று முடித்தார். வெற்றி தோல்வி இன்றி நடுவர் ஊதல் ஊதிவிட்டார்! அவர் வாதிடுவதைத் தடை செய்யவில்லை. வாதத்தில் எதைச் சொல்லக்கூடாது என்று மட்டும் கோடு கிழித்தார். அக்கோட்டினால் இரு சபைகளும் இன்றுவரை வாதிட்டுக்கொண்டே உடன்பிறப்புகளாக வாழ்கின்றன.

இக்கூட்டமைப்பில் நான் பெரிதும் விரும்பும் நிகழ்ச்சி 1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நியூயார்க்கில் நடந்தது. தூய யோவான் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் லூ கார்னசெக்கா, கண்ணைப் பறிக்கும் வண்ணக் கோலங்கள் கொண்ட கம்பளிச் சட்டையொன்றை அணிந்துவந்தார். அணி வென்றுகொண்டே போனதால், அதனை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. அழகற்ற அச்சட்டை நாடறிந்ததாயிற்று. அவ்வேளையில் நாட்டின் முதலிடத்தில் அவர் அணியும், இரண்டாமிடத்தில் ஜார்ஜ்டவுனும் நின்றன. ஆட்டம் தொடங்குமுன் ஜார்ஜ்டவுன் பயிற்றுநர் ஜான் தாம்சன், ஆறடிக்கு மேல் உயர்ந்த கடுமுகத்தார், தம் மேலங்கியைத் திறந்து காட்டினார். உள்ளே அதே கோலச் சட்டை! அரங்கமே சிரித்தது, கார்னசெக்காவும் சிரித்தார். பிறகு தாம்சனின் அணி 85-69 என்ற கணக்கில் வென்று, சிரித்தவர் வாயை அடைத்தது. ஆயினும் தாம்சனுக்கும் கேலி காத்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், நாட்டின் இறுதி ஆட்டத்தில், யாரும் பொருட்படுத்தாத வில்லனோவா 66-64 என்று அவரது அணியை வீழ்த்தியது. அந்த வில்லனோவா புனித அகுஸ்தீன் சபையினருடையது. அங்குதான் 1977இல் கணிதத்தில் பட்டம் பெற்றார் ஓர் இளைஞர். 2025 மே மாதம் பதினான்காம் லியோ என்னும் பெயருடன் திருத்தந்தையானார். ஆகவே வில்லனோவாவைப் பற்றிய என் கேலிகளை நான் இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன். கீழ்ப்படிதல் வாக்குறுதி என்று ஒன்று இருக்கிறதே!

கேலியும் செபமும் ஒரே வாயில் குடியிருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர், சிக்காகோ இலயோலா அணியின் ஆன்ம வழிகாட்டியாக 1994 முதல் பணியாற்றிய அருட்சகோதரி ஜீன் டொலோரெஸ் ஷ்மிட். இளமையில் தாமும் கூடைப்பந்து ஆடியவர். ஆட்டத்திற்கு முன் வீரர்களோடு செபிப்பார். அதே மூச்சில் எதிரணியில் யாரைக் கவனமாகத் தடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுவார். 2018இல், அவருக்கு 98 வயதாகியிருந்தபோது, யாரும் எதிர்பாராத வகையில் அந்த அணி நாட்டின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் போட்டி தொடங்குமுன் சகோதரி எழுதிவைத்த கணிப்பில், தம் சொந்த அணி பதினாறு அணிகளின் சுற்றிலேயே தோற்றுவிடும் என்று குறித்திருந்தார்! கணிப்பைப் பொய்யாக்கிவிட்டோம் என்று வீரர்கள் அவரிடமே ஆர்ப்பரித்தார்கள். 2025 அக்டோபரில், 106ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். தம் அணியின் குறையை மறைக்காமலே அதற்காக மன்றாடிய அவரை, செபிக்கும் ரசிகர்களின் பாதுகாவலியாக எனக்குள் நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

ஒரே வாய்க்காலின் நீர்

போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தாய், 'ரிவாலிஸ்' என்னும் இலத்தீன் சொல். ஒரே ஓடையில் நீர் எடுப்பவர் என்பது அதன் பழம்பொருள். ஏரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கடைமடைக்காரனுக்கும் தலைமடைக்காரனுக்கும் சண்டை வருவது, நீர் ஒன்று என்பதால்தான். வேறு வேறு ஏரியாயிருந்தால் ஏது சண்டை?

நம் தமிழில் இதனினும் ஆழமான சொல் இருக்கிறது: பங்காளி. பங்கு உடையவன் பங்காளி. ஒரு பாட்டன் சொத்தைப் பகிர்ந்துகொண்டவன், ஆகவே உறவினன், ஆகவே வரப்புச் சண்டைக்காரன். வாழ்வில் எவ்வளவு பகை இருந்தாலும், பங்காளி வீட்டுச் சாவுக்கு நமக்கும் துக்கம் உண்டு. அவன் வந்து நில்லாமல் பாடை எடுப்பதில்லை. நம் திருச்சபையோ ஒரு வட்டாரத்து இறைமக்களையே 'பங்கு' என்று அழைக்கிறது. அப்படியானால் நாம் அனைவரும் பங்காளிகளே. உறவும் உண்டு, உரசலும் உண்டு.

ஆனால் நம் மரபில் பங்காளியைக் கேலி செய்வதில்லை. கேலிக்கு உரியவன் மைத்துனன். மாமன் மச்சான் முறையில்தான் நையாண்டி செல்லும். பங்காளியிடம் வாய் தவறினால் அரிவாள் வரும். விளையாட்டுத் திடலின் அருமை இங்கேதான் இருக்கிறது. ஒரே பந்துக்கும் ஒரே கோப்பைக்கும் போட்டியிடும் பங்காளியை, இரண்டு மணி நேரத்திற்கு அது மைத்துனனாக்கிவிடுகிறது. யாரிடம் சினம் கொள்ள வேண்டுமோ அவரிடம் சிரிக்கக் கற்றுத் தருகிறது.

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பெருநூலில் விளையாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மனத்தின் களைப்பை நீக்க விளையாட்டு வேண்டும் என்றும், அதில் அளவு காப்பது ஒரு நற்பண்பு என்றும், அளவு மீறுவது குற்றமாவது போலவே, சிரிக்கவே தெரியாமலும் பிறரைச் சிரிக்க விடாமலும் இருப்பதும் குற்றமே என்றும் கூறுகிறார். அந்நற்பண்புக்கு அரிஸ்தோத்திலிடமிருந்து வந்த கிரேக்கப் பெயர் 'யூத்ரப்பேலியா'. வியப்பு என்னவென்றால், பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் திருமுகத்தில் இதே கிரேக்கச் சொல், கிறிஸ்தவரிடம் இருக்கக்கூடாத இழிபேச்சைக் குறிக்கிறது. ஒரே சொல், ஓரிடத்தில் நற்பண்பு, மற்றோரிடத்தில் மாசு. கேலியின் இயல்பே அதுதான். கத்தியின் ஒரு புறம் பழம் நறுக்கும். மறுபுறம் கையை அறுக்கும்.

எது எந்தப் புறம் என்று அறிவதெப்படி? சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலையொட்டி எங்கள் வட்டாரத்தில் நடந்த கபடி ஆட்டமொன்றைக் காணச் சென்றிருந்தேன். இரண்டு ஊர் அணிகள். முதல் பாதியில் கேலி நன்றாகவே நடந்தது. ஒருவனுடைய காலைப் பிடிப்பதற்குள் அவன் செஞ்சிக் கோட்டைக்கே போய்விடுவான் என்றார் ஒரு பெரியவர். பிடிக்கத் தவறியவனே சிரித்துவிட்டான். இரண்டாம் பாதியில் தோற்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல், எதிரணி இளைஞனின் ஆட்டத்தை விட்டுவிட்டு, அவன் எந்தத் தெருவில் பிறந்தவன் என்பதைச் சொல்லிற்று. ஒரே ஒரு சொல். திடல் அமைதியாயிற்று. பாடிச் சென்றவன் மூச்சை விட்டுவிட்டு அப்படியே நின்றான். அவன் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

"விளையாட்டுல சொன்னதுதானே, சாமி" என்றான் சொன்னவன்.

"தம்பி, அவன் ஆடினதப் பத்தி என்ன வேணா சொல்லு. அவன் பொறந்ததப் பத்திச் சொல்ல உனக்கும் உரிமையில்ல, எனக்கும் உரிமையில்ல" என்றேன்.

நெய்ஸ்மித் சேர்த்த விதியைப் போன்றது இது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாதே. பிறப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசாதே. ஒருவனுடைய ஆட்டம் நாளை மாறும். இன்று தவறவிட்டவன் நாளை போடுவான். அப்போது நம் கேலி நம்மிடமே திரும்பும். அதில் நீதி இருக்கிறது. பிறப்போ மாறாது, அதற்கு மறு ஆட்டம் இல்லை. மாற்ற முடியாததைக் குறித்த கேலி, கேலியன்று; தாக்குதல். கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு மூலை கண்ட நம் தமிழகத் திருச்சபை, இதனை வெளியாரின் குற்றமாகக் கருதிக் கடந்துவிட முடியாது.

அந்தக் கோடு அழிந்தால் என்னாகும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் இரயில் நிலையப் பகுதியில், மாநிலக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் ஒருவர், வேறொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டுச் சில நாள்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். சென்னையில் கல்லூரிகளுக்கிடையே பேருந்துத் தடங்களிலும் இரயில் தடங்களிலும் நெடுநாளாக நிலவும் மோதலின் தொடர்ச்சி அது. அங்கே பந்து இல்லை, கோப்பை இல்லை, நடுவர் இல்லை. தாக்கியவர்களுக்கு அவர் யார் என்பதில் அக்கறையில்லை. எந்தக் கல்லூரி என்பதே போதுமாயிருந்தது. 'உண்டியல்' என்று பெயர் வைக்குமளவுக்கு அவரை அவர்கள் ஒருநாளேனும் உற்றுப் பார்த்திருந்தால், அந்தக் கை ஓங்கியிருக்குமா? பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு உடலைப் பெற்றுக்கொண்ட அந்த வீட்டை நினைக்கும் போதெல்லாம், கரையோரத்தில் நின்று கூச்சலிட்ட எங்கள் நாள்கள் எவ்வளவு பேறுபெற்றவை என்று எண்ணுகிறேன்.

சவப்பெட்டியருகே ஒரு படம்

இறுதியாக, மீண்டும் சிக்காகோ இலயோலா. 1963ஆம் ஆண்டு அதன் முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். தேசியப் போட்டியில் அவர்களை எதிர்த்து ஆட வேண்டிய மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணியில் அனைவரும் வெள்ளையர். கறுப்பின வீரர்கள் உள்ள அணியோடு ஆடுவதில்லை என்பது அம்மாநிலத்தின் எழுதாத சட்டம். அதனாலேயே முந்தைய ஆண்டுகளில் அவ்வணி தனக்குக் கிடைத்த வாய்ப்புகளைக் கைவிட்டிருந்தது. இம்முறை அவர்கள் ஆட விரும்பினர். நீதிமன்றத் தடையாணை தங்களை வந்தடையும் முன், மறைவாக மாநிலத்தை விட்டு வெளியேறினர். மார்ச்சு 15 அன்று ஆட்டம். தொடங்குமுன் இரு அணித்தலைவர்களும், இலயோலாவின் ஜெரி ஹார்க்னஸும் மிசிசிப்பியின் ஜோ டான் கோல்டும், கைகுலுக்கினார்கள். நிழற்படக் கருவிகளின் ஒளி சுற்றிலும் வெடித்தது. இலயோலா 61-51 என்று வென்றது. அவ்வாண்டின் கோப்பையையும் அதுவே வென்றது.

ஆனால் ஆட்டம் அன்றோடு முடியவில்லை. 2011இல் கோல்டு இறந்தபோது, ஹார்க்னஸ் அந்த இறுதிச் சடங்குக்குப் பயணம் செய்தார். உள்ளே நுழைந்தவர் கண்டது, சவப்பெட்டியின் அருகே வைக்கப்பட்டிருந்த ஒரு படம். 1963இல் இருவரும் கைகுலுக்கிய அதே படம். பத்தாண்டு கழித்து, 2021இல், ஹார்க்னஸும் மறைந்தார்.

பங்காளி வந்து நின்றார் என்று நம் ஊரில் சொல்வோமே, அது இதுதான். நம் வெற்றிகளைக் கொண்டாட நம் அணியினர் எப்போதும் வருவார்கள், அது பெரிதன்று. நம்மோடு மோதியவர், நம்மால் கேலி செய்யப்பட்டவர், நம்மைக் கேலி செய்தவர், பக்கத்துப் பங்கின் பாடகர் குழுவிலோ, எதிர்த்தெரு அணியிலோ, அடுத்த வரப்பிலோ நின்றவர், அவர் நம் சாவுச் செய்தி கேட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுவாரா? புறப்படும்படி நாம் ஆடியிருக்கிறோமா? கேலி செய்யுங்கள், வாசகர்களே, நன்றாகச் செய்யுங்கள். ஆனால் நாளை அவர் நம் வாசலுக்கு வருவதற்கு, ஒரு வழியை மட்டும் என்றும் அடைக்காமல் வைத்திருங்கள்.